சனிக்கிழமை வக்கீல்

சுருலேரேயில் ஒரு தையற்கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
திரைக்கதை எழுத்தாளர் சங்கம் என்று
பலகை இருக்கிறது, விளக்கு இல்லை.
ஜெனரேட்டர் ஓடும்வரை மின்விசிறி,
மின்விசிறி ஓடும்வரை வக்கீல்.
சனிக்கிழமை மட்டும். கட்டணம் கிடையாது.
என் டோக்கன் பதினேழு.

எனக்கு முன்னால் எஃபெமேனா.
பதினான்கு படம் எழுதியவன்,
ஒரு போஸ்டரிலும் பெயர் இல்லை.
ஒன்றில் இருக்கிறது என்கிறான்,
சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில்.
சிரித்தோம்.
கொஞ்சம் தாமதமாக அவனும் சிரித்தான்.

சுவரில் ஓர் அறிவிப்பு:
ஜோஸ் மலைநகரில் ஆறு வாரம்
தங்கி எழுத அறை, மூன்று வேளை உணவு,
குழந்தைகளோடும் வரலாம்.
அந்தக் கடைசி வரியை மூன்று முறை வாசித்தேன்.
விண்ணப்பிக்கக் கடைசித் தேதி
போன செவ்வாய்.

பதினேழு!

எபியெரே ஒப்பந்தத்தைப்
பின்னாலிருந்து படிக்கிறாள்.
மீன் தின்பவள் முள்ளைத் தேடுவதுபோல
விரல் ஒவ்வொரு வரியாய்த் தடவிப் போகிறது.
ஒன்பதாம் பிரிவில் நின்றது.

இக்கதையின் சகல உரிமைகளும்,
இனிமேல் கண்டுபிடிக்கப்படும் சாதனங்கள் உட்பட,
பிரபஞ்சம் முழுவதும்,
காலம் உள்ளவரை,
தயாரிப்பாளரையே சேரும்.

"பிரபஞ்சமா?"
"ஆமாம். சனிக்கிரகத்தில் யாராவது பார்த்தாலும்
உனக்கு ஒரு கோபோ கிடையாது."

சனியில் இருப்பவர்கள்மேல் கோபம் வந்தது.
வளையத்தைச் சுற்றி நாற்காலி போட்டு
என் விதவைக்காக அழுகிறார்கள்,
டிக்கெட் காசு இக்கெஜாவில்
யாருடைய பைக்கோ போகிறது.

மூன்று மாதம் எழுதினேன் அவளை.
பாலத்தில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில்,
கைபேசியில், கட்டைவிரலால்.
அவள் கணவனைப் புதைக்கும் இடம் வந்தபோது
நடத்துநன் சில்லறை கேட்டுத் தோளைத் தட்டினான்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொடுத்தேன்,
மீதி வாங்க மறந்துவிட்டேன்.
அந்த மீதியும்
எந்தப் பிரிவிலும் இல்லை.

எபியெரே பேனாவைத் திறந்து
பிரபஞ்சத்தை அடித்தாள்.
காலத்தை அடித்தாள்.
மேலே பொடி எழுத்தில்:
நைஜீரியா, ஏழு ஆண்டு.
ஓரத்தில் இன்னொன்று:
எழுத்து, இவியே ஒசாகுவே.
திரையில் இந்தப் பெயர் மட்டும், தனியாக.

"போய்ச் சொல்.
குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.
தாளை நடுங்காமல் பிடி."

ஜெனரேட்டர் நின்றது.
பதினெட்டாம் டோக்கன்காரர்
ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்தார்.

தயாரிப்பாளர் தாளைப் பார்த்தார்.
கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.
"லாகோஸில் எழுதுகிறவர்கள்
கொசுவைவிட அதிகம், தங்கச்சி" என்றார்.
குளிர்ந்த மால்ட் பாட்டிலைக் கையில் கொடுத்து
வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று.
வீட்டுக்காரர் மட்டும் இரண்டு முறை அழைத்தார்.
வெள்ளி இரவு, தெரியாத எண்.

"என் பெயர் எக்பெனியோங். கலபார்க்காரன்.
உன் விதவையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்,
பத்து நாளில் முடிக்க வேண்டுமாம்.
இதில் ஒன்பதாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே,
நீ பார்த்தாயா?"

பார்த்தேன் என்றேன்.

எதிர்முனையில் ஒரு குழந்தை இருமியது.
அவனுக்கும் வாடகை இருக்கும்.
எழுதாதே என்று சொல்ல வாய் எழவில்லை.
எழுது என்று சொல்லவும்தான்.
ஃபோனில் காசு கரைந்துகொண்டிருந்தது,
அவனுடைய காசு.

பிறகு கேட்டான்:
"அந்தத் தையற்கடை மாடியில்
முதல் டோக்கன் வாங்க
எத்தனை மணிக்கு வரவேண்டும்?"

நாளைக்கே வா, என்றேன்.
சனி. ஏழரை.