வலக்கால் மிதி

கிம்பர்லி ஸ்ட்ரீட்டில் பெயிண்ட் கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே டர்பன்டைன் மூக்கில் ஏறும்.
அங்கேதான் மிஸ் சவரிமுத்து
காலையில் பாலே,
மாலையில் அதற்கு நேர் எதிரான ஒன்று
சொல்லிக்கொடுத்தாள்.
நான் பியானோ. வாரம் ஐந்து நாள்,
நாளுக்குப் பதினைந்து வெள்ளி, கோப்பி அவள் செலவு.

காலையில் எல்லாம் மேலே போகும்.
கழுத்து மேலே, முழங்கை மேலே,
குதிகால் தரையை மறந்துவிட வேண்டும்.
உச்சந்தலையில் நூல் கட்டி யாரோ இழுக்கிறார்கள், என்பாள்.
மாலையில் அந்த நூலை அவளே அறுப்பாள்.
"விழு. அழகாக வேண்டாம். அரிசி மூட்டை விழுகிற மாதிரி."
பத்துப் பெண்கள் தொப் தொப்பென்று விழ
கீழே கடைத் தவுக்கே
துடைப்பக் கம்பால் கூரையைத் தட்டுவார்.

ஒரு வருஷம் கழித்து
இரண்டையும் ஒரே நடனத்துக்குள் போட்டாள்.
அதில்தான் என் வேலை குறைய ஆரம்பித்தது.
முதலில் இடக்கையை எடுத்தாள்.
"தாளம் இவர்கள் மூச்சில் இருக்கிறது, மிஸ்டர் தேவசகாயம்.
நீங்கள் சொல்லத் தேவையில்லை."
பிறகு வலக்கையில் நான்கு விரல்.
மிஞ்சியது ஒரே ஒரு சுரம்,
அதுவும் ஈரக்காற்றில் சற்றுச் சுருதி இறங்கியது.
அப்புறம் பெடல்.

முறை இதுதான்:
நான் அந்தக் கட்டையை ஒருமுறை அழுத்துவேன்,
வலக்காலால் பெடலை மிதித்துக்கொள்வேன்.
ஊய் லெங் ஒற்றைக்கால் விரல் நுனியில் எழுவாள்.
மிதி இருக்கும்வரை அவள் மேலே.
நான் காலை எடுத்தால் விழ வேண்டும்.

இருபது வருஷம் தேவாலயத்தில்
கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசித்தவன் நான்.
ஒருவர் எடை என் காலில் இருந்ததில்லை.

ஒத்திகையில் ஏழு எண்ணிக்கை. சில நாள் ஒன்பது.
வீட்டில் சாப்பாட்டு மேசைக்கடியில்
கால் தானாக எண்ணும்.
ஏன் அவளே விழக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன்.
கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
"பாலே படித்த கால் தானாக விழாது.
முட்டி போன பிறகுதான் எனக்கே விழத் தெரிந்தது."

முதல் காட்சி. பள்ளி மண்டபம். அக்டோபர் மழை.
தகரக் கூரையில் அது அடித்த அடியில்
என் சுரம் எங்கே முடிந்தது,
மழை எங்கே தொடங்கியது, எனக்கே தெரியவில்லை.
ஏழு.
ஒன்பது.
காலை எடுக்கவில்லை.
பயம் என்று சொல்லமாட்டேன்.
அவள் கணுக்கால் தையல் இயந்திரம் போல நடுங்கியது,
காலணி ரிப்பன் ஒன்று முடிச்சவிழ்ந்து தொங்கியது,
நான் பார்த்துக்கொண்டே மிதித்திருந்தேன்.
பதினான்கு.
முன்வரிசையில் ஒரு குழந்தை
"முடிஞ்சிருச்சாம்மா?" என்றது.
பதினாறில் ஊய் லெங் என்னைப் பார்த்தாள்.
கெஞ்சவில்லை. கோபமும் இல்லை.
இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டவள்
ஓட்டுநரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
தானே விழுந்தாள்.

அரிசி மூட்டை இல்லை அது.
விரல்கள் மடங்கின, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு,
ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுத்ததுபோல.
கழுத்து மட்டும் கடைசிவரை
காலைப் பாடத்திலேயே இருந்தது.

திரைக்குப் பின்னால் மிஸ் சவரிமுத்து ஒன்றும் கேட்கவில்லை.
பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றி
மூடியை என்னிடம் நீட்டினாள்.
மறுநாள் பெடலையும் எடுத்துவிட்டாள்,
சுரத்தையும்.
பியானோ மேடையிலேயே இருக்கட்டும் என்றாள், மூடியபடி.
அதன் முன்னால் நானும்.

மூன்று இரவு அப்படி உட்கார்ந்திருந்தேன்.
ஊய் லெங் ஒவ்வொரு இரவும்
வேறொரு எண்ணிக்கையில் விழுந்தாள்.
அவள் எழும்போதெல்லாம்
என் வலக்கால் வெறும் தரையை ஒருமுறை அழுத்தும்.

சம்பளம் முழுசாக வந்தது.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.