பன்னிரண்டு புள்ளி ஒன்று

காங்கயம் கடையில் அந்தப் பையன் கேட்டான்:
எத்தன வாட்ஸ் வேணுங்க்கா?

வாட்ஸ் தெரியாது, எனக்கு வெயில் தெரியும்.
பதினோரு வருசம் கொப்பரைக் களத்தில்
பருப்பைக் கவிழ்த்தும் மலர்த்தியும் போட்டவள்.
நூறு கிலோ பச்சைப் பருப்பில்
நாற்பத்தஞ்சை வானம் எடுத்துக்கொள்ளும்.
சித்திரையில் சீக்கிரம் எடுக்கும்,
கார்த்திகையில் இழுத்தடிக்கும்.
எடைபோட்டே பார்த்திருக்கிறேன்.

அவன் பெரிய இன்வெர்ட்டரைக் காட்டினான்.
மிக்சி ஓடுமாம், டிவி ஓடுமாம், மோட்டாரே ஓடுமாம்.
நான் பையிலிருந்து பழைய எடைச்சீட்டை எடுத்துப்
பின்பக்கம் எழுதினேன்:
பல்பு மூன்று, ஏழேழு வாட்ஸ், ராத்திரி அஞ்சு மணி நேரம்.
ஃபேன் ஒன்று, முப்பது வாட்ஸ், விடியும்வரை.
செல்போன்.
கூட்டினால் நானூறு தாண்டவில்லை.
மிக்சிக்குப் பதில் ஆட்டுக்கல் என்று சொல்ல மாட்டேன்,
ஆட்டுக்கல்லுக்கும் எனக்கும் ஆகாது.
மத்தியானம் மில் கரண்ட்டில் சட்னி அரைத்து
டப்பாவில் கொண்டுவந்துவிடுகிறேன்.

நூற்றறுபது வாட்ஸ் பேனல், நூறு ஆம்பியர் பேட்டரி.
பாதிக்குக் கீழ எறக்கிராதீங்க்கா, ஆயுசு போயிரும் என்றான்.
பாதியோடு நிறுத்திக்கொள்கிற குடித்தனம்
எனக்கொன்றும் புதிதில்லை.

கம்பிக் கரண்ட் ஏன் இல்லையென்றால்
நிலம் கூட்டுப்பட்டா.
கொழுந்தனார் ஆறுச்சாமி கையெழுத்துப் போட்டால்தான்
கம்பம் நடுவார்கள்.
ஆறு வருசமாய் அவருக்குப் பேனா கிடைக்கவில்லை.
ஆனால் சாளைக்கு நேர் மேலே
எங்கிருந்தோ எங்கேயோ போகிறது பெரிய லைன்.
அந்தக் கோபுரம் காலூன்றியபோது
யார் கையெழுத்தையும் யாரும் தேடவில்லை.
ஈரக் காற்றில் அது இரையும்,
தேன்கூட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினாற்போல.

முதலில் பேனலை ஓட்டின்மேல் வைத்தேன்,
தெற்கே பார்த்து, லேசாய்ச் சாய்த்து.
மூன்று மணிக்கெல்லாம் வரவு படுத்துக்கொண்டது.
ஏறிப் பார்த்தால், கோபுரத்தின் ஒரு கை
நிழலாய் நீண்டு பேனல் மூலையைப் பிடித்திருந்தது.
நாலு விரல் அகல நிழல்தான்,
பாதி வரவு காலி.
தானும் தராமல் வருவதையும் விடாமல்.
அந்தச் சுபாவம் இரும்புக்கும் உண்டு போல.

கழற்றிக் கொண்டுபோய்க் கிளுவை வேலியோரம்
நாலு குழாய் நட்டு மாட்டினேன்.
இப்போது வெள்ளாடுகள் அதன் அடியில் படுத்து அசைபோடுகின்றன.
அந்த நிழலை நான் கணக்கில் எழுதுவதில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் மோடம்.
முதல் நாள் ஃபேனை நிறுத்தினேன்.
அடுத்த நாள் வாசல் பல்பை.
மூன்றாம் நாள் பொழுதோட மீட்டரைப் பார்த்தால்
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
அடுப்படியில் மட்டும் வெளிச்சம்.
அந்நேரத்துக்கா வந்து நிற்க வேண்டும்,
சேற்றுக் காலோடு கொழுந்தனார்.
ஊருக்குள் காற்றில் மூன்று கம்பம் சாய்ந்துவிட்டதாம்.
திருப்பூர் ஆஸ்பத்திரியில் மகள் சங்கவிக்கு வலி எடுத்திருக்கிறது.
கையில் செத்துப்போன செல்போன்.

கையெழுத்து ஞாபகம் வந்தது.
வராமல் என்ன.
பன்னிரண்டு புள்ளி ஒன்றை இன்னொருமுறை பார்த்தேன்.
அடுப்படிப் பல்பை அணைத்துவிட்டு
ஒயரைச் சொருகினேன்.

இருட்டில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம்.
ஒரு சதவீதம். ஒரு சதவீதம். இரண்டு.
மேலே லைன் விடாமல் இரைந்தது.
இத்தன சத்தமா போடும் இது? என்றார்.
ஆமாங்க என்றேன்.
அதற்குமேல் பேச்சில்லை.

ஒன்பதாவது சதவீதத்தில் பிடுங்கிக்கொண்டு
வெளியே தூறலில் நின்று பேசினார்.
ஓட்டில் விழுந்த மழையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
நோட்டில் எழுதினேன்: போன், ஒன்று.
யாருடையது என்று எழுதவில்லை.

விடிந்தும் மோடம் விலகவில்லை.
களத்தில் தார்ப்பாயை எடுத்திருக்க மாட்டார்கள், வேலை இருக்காது.
ஈரத்துணியால் பேனலைத் துடைத்தேன்,
மூலையில் காக்கை எச்சம் காய்ந்திருந்தது,
நகத்தால் சுரண்டினேன்.
உள்ளே வந்து மீட்டரைப் பார்த்தேன்.

பதினொன்று புள்ளி ஒன்பது.