கம்முனு

வாடகைக்கு எடுத்தால் நாளைக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
சென்னையிலிருந்து வந்துபோகும் வண்டிச்சத்தம் தனி.
எங்களுக்குப் பேசியிருந்ததே பன்னிரண்டாயிரம்.
நஸீமா கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தாள்:
"நாமளே செஞ்சுக்கலாம்."

உக்கடம் பழைய இரும்புக்கடையில்
யாரோ வளர்ந்து கழற்றிப்போட்ட
ஸ்கேட்டிங் ஷூ ஒரு ஜோடி.
எட்டுச் சக்கரம்.
ஒவ்வொன்றாகச் சுண்டிக் காதருகே பிடித்தேன்.
ஐந்து ஊமை, மூன்று முனகின.
முனகலுக்கு விலை குறைக்க முடியாது என்றார் கடைக்காரர்.

கணபதியில் லேத் வைத்திருக்கும் தெய்வசிகாமணி
இரும்பு ஆங்கிளில் துளை போட்டுக்கொண்டே
"எதை ஏத்தப் போறீங்க, மோட்டாருங்களா?"
கேமரா.
"எத்தனை கிலோ?"
ஒன்றரை.
துளைப்பதை நிறுத்திவிட்டு
என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்தார்.

தண்டவாளத்துக்கு
சொட்டுநீர் போட்டு மிஞ்சிய பிவிசி குழாய்.
இணைப்புக்கு இணைப்பு 'தடக்'.
அந்த ஒரு தடக்கை விரட்ட இரண்டு ராத்திரி போயிற்று.
நேராக வெட்டினால் சக்கரம் பள்ளத்தில் விழுகிறது.
சாய்த்து வெட்டினால்
விழ நினைப்பதற்குள் அடுத்த குழாய் தாங்கிக்கொள்கிறது.
உள்ளே மரக்கட்டை, மேலே உப்புத்தாள்,
விரலுக்குத் தெரியாதவரை தேய்த்தோம்.

மொட்டைமாடியில்,
பலகைமேல் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளர்.
தள்ளினோம். ததும்பவில்லை.
"கம்முனு போகுது" என்றாள் நஸீமா.
பிள்ளைகளை அதட்ட வைத்திருக்கும் சொல்
அன்றைக்கு
பாராட்டாக வந்தது.

சோமனூர்த் தறிக்குடோனில் எல்லாம் பொய்த்தது.
முப்பத்தாறு தறி.
தரையே உதறுகிறது,
உள்ளங்காலில் ஏறிக் கடைவாய்ப்பல்லில் இறங்குகிறது.
திரையில் நாடாவும் நடுங்க, துணியும் நடுங்க,
சுவர்க் காலண்டரில் முருகனும் நடுங்கினார்.
பத்து நிமிசம் நிறுத்தலாமா என்று கேட்டேன்.
முதலாளி சிரித்தார்:
"நின்ன தறியைப் புடிச்சு
ஆருக்குங்க காட்டறது?"

மூலையில் கழிவுநூல் மூட்டைகள்.
பிரித்துக் குழாய்க்கு அடியில் மெத்தையாக இட்டோம்.
பாதி நடுக்கம் பஞ்சுக்குள் போய்விட்டது.
மீதிப் பாதிக்கு
வண்டி துள்ளியது, எடை போதாமல்.
கோன் மூட்டை வைத்தோம், உருண்டது.
பாவு உருளை நீளம்.
நஸீமா குடோனைச் சுற்றிப் பார்த்தாள்.
பிறகு மரகதத்தைப் பார்த்தாள்.

"நானுங்களா?"

எட்டுத் தறி அவள் பொறுப்பு.
காலை எட்டுமணிக்குத் தொடங்கிய நடை
இரவு எட்டுக்குத்தான் நிற்கும்.
உட்காருவதற்கென்று
அந்தக் குடோனில் ஒரு ஸ்டூல்கூட இல்லை என்பது
அவள் சேலையைச் செருகிக்கொண்டு
பலகையில் கால் மடக்கி அமர்ந்தபோதுதான்
எனக்கு உறைத்தது.

முதல் தடவை சிரித்துவிட்டாள், கேமராவும் குலுங்கிற்று.
இரண்டாவதில் ஆறாம் தறியில் இழை அறுந்தது.
எங்களுக்குக் கேட்கவேயில்லை.
அவள் ஓடும் வண்டியிலிருந்து குதித்து,
முடிந்து, தறியை ஓடவிட்டு,
தானாகவே வந்து ஏறிக்கொண்டாள்.

மூன்றாவது.
அறுபது அடி, இருபத்திரண்டு நொடி.
தறிகள் ஒவ்வொன்றாய் அருகே வந்து விலகின,
ரயில் ஜன்னலில் தென்னைகள் போல.
ஒரு தடக் இல்லை.
கடைசித் தறியில் நின்றபோது
மூச்சை அடக்கியிருந்தது தெரிந்தது.

திரையிலிருந்து தலையெடுத்தேன்.
மரகதம் இறங்கவில்லை.
செருப்பைக் கழற்றி ஓரமாய் விட்டிருந்தாள்.
வீங்கிய ஒரு பாதத்தின்மேல்
மற்றொன்றைச் சாய்த்து வைத்திருந்தாள்.
ஏதோ கேட்டாள்.
தறிச்சத்தத்தில் உதட்டைத்தான் படிக்க முடிந்தது:
செரியா வந்துருச்சுங்களா?

இல்லை என்று தலையாட்டினேன்.
விரலால் காட்டினேன்: இன்னொருக்கா.

நஸீமாவும் திரையைப் பார்த்திருந்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள்.
வண்டியைத் தொடக்கத்துக்கு இழுத்துவந்து,
முன்னைவிட மெதுவாக,
கம்முனு தள்ளினாள்.