ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு

வால்பராய்சோவில் கடல் தெரியாத வீடு குறைவு.
அதற்கான வாடகையை
முழங்காலில் வாங்கிக்கொள்கிறார்கள்.

என் வீடு இருநூற்றுப் பதினேழாம் படியில்.
குன்றுக்கு ஆளேற்றும் மரப்பெட்டி நின்று
ஒன்பது வருடம்.
'தற்காலிகமாக இயங்காது' என்ற பலகையைக்கூட
இரண்டு முறை புதுப்பித்துவிட்டார்கள்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில்
கிரேன் ஓட்டினேன்.
தாமிரம், திராட்சைப் பெட்டிகள்,
ஒருமுறை உயிரோடு ஒரு குதிரை:
வயிற்றுப் பட்டையில் அந்தரத்தில் தொங்கியது,
கால் உதைக்கவே இல்லை.
அத்தனையையும் தூக்கிய என்னைத் தூக்க
இந்த ஊரில் ஒரு மோட்டார் இல்லை.

மாதம் ஒருமுறை கீழே மருத்துவ நிலையம்.
செவிலி யஸ்னா கையில் பட்டையைச் சுற்றினாள்.
"நூற்று எழுபத்தெட்டு, தோன் எலேயுதேரியோ.
மறுபடியும் ஏறியிருக்கிறது."
நான் இறங்கித்தானே வந்தேன்,
அது எப்படி ஏறியது?
அவள் சிரிக்கவில்லை.
வரிசையில் இன்னும் பதினாறு பேர்.

உப்பு?
மேலே இருப்பது ருபிலாரின் ஒரே கடை.
ரொட்டி, சாசேஜ், பாக்கெட் சூப்.
கீரை விற்கும் சந்தை கீழே;
ஏறி வருவதற்குள் அதுவும் வாடிவிடும், நானும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்,
ருபிலாரை
என் ரத்தக்குழாய்கள் அதற்கப்புறமும் நினைக்கும்.

நடை?
கைப்பிடிக் கம்பியை இரும்புக்கு விற்றுவிட்டார்கள்.
தொண்ணூறாம் படி விளக்கு
போன குளிர்காலத்தில் உடைந்தது.
இருட்டினால் நாய்கள் நடக்கும்.

தூக்கம்?
அது காற்றைப் பொறுத்தது.
எதிர்வீடு எரிந்து கூரையில்லாமல் நிற்கிறது.
ஜனவரியில் தெற்குக் காற்று எழுந்தால்
குன்று முழுக்க விழித்துக்கொண்டு மோந்துபார்க்கும்.

அவள் மூன்று வரி எழுதித் தந்தாள்.
உப்பைக் குறைக்கவும்.
தினம் அரைமணி நடக்கவும்.
கவலையைத் தவிர்க்கவும்.

ஜூனில், மழையில்,
ஓர்ஃபெலினா எண்பத்து நான்காம் படியில்
மருந்துப் பையோடு உட்கார்ந்தவள்
எழுந்திருக்க முடியாமல் இரண்டு மணி நேரம் நனைந்தாள்.
மறுநாள் அந்த இடத்தில்
மஞ்சள் சமையலறை நாற்காலி ஒன்று,
ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டு.
யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு நூற்று முப்பத்தொன்றில்
மூடிப்போன சினிமா கொட்டகையின் இருக்கை.
நூற்று அறுபதில் முடிதிருத்தும் நாற்காலி;
அது திருட்டுப்போனது.
ஒரு பீர்ப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள்.
பெட்டி இன்னும் இருக்கிறது.

நூற்றுத் தொண்ணூறில் என்னுடையது.
நான் ஓட்டிய கிரேனை உடைத்தபோது
எடைக்கு எடை வாங்கிய இருக்கை.
மனைவி இருந்தவரை திட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது மேலே வர ஐம்பது நிமிடம் ஆகிறது.
பாதி நேரம் ஓர்ஃபெலினாவின் மருமகனைப் பற்றிய பேச்சு.
உட்கார்ந்தவர்கள் முணுமுணுத்ததில்
யாரோ தொண்ணூறாம் படிக்கு
வீட்டிலிருந்து வயர் இழுத்து பல்பு மாட்டினார்கள்.

அக்டோபரில் யஸ்னா கருவிப்பையோடு
அவளே ஏறி வந்தாள். வாசலில்
பேச வாய் திறந்தாள், மூச்சுதான் வந்தது.
நான் சொன்னேன்:
"முதலில் ஐந்து நிமிடம் உட்காருங்கள்."
பட்டையைத் தன் கையிலேயே சுற்றிப் பார்த்தாள்.
நூற்று நாற்பத்தொன்று.
வயது இருபத்தெட்டு.
கீழே படிகளை ஒருமுறை பார்த்தாள்,
எதுவும் எழுதவில்லை.

எனக்கு நூற்று ஐம்பத்தாறு.
"இறங்கியிருக்கிறதே! மாத்திரையை மாற்றினீர்களா?"
இல்லை.
"உப்பு?"
ருபிலாரிடம் சொல்லிவிடாதீர்கள், அதுவும் இல்லை.
பேனா கட்டத்துக்குக் கட்டம் நகர்ந்தது.
நாற்காலிக்குக் கட்டம் இல்லை.

ஜனவரி வந்துவிட்டது.
நேற்றிரவு தெற்குக் காற்று.
எழுந்துபோய் என் இருக்கையில் உட்கார்ந்தேன்.
வலது கை தானாக
இல்லாத நெம்புகோலைத் தேடியது.
கீழே கப்பல் விளக்குகள்.
மோந்துபார்த்தேன்.
புகை இல்லை.
எண்பத்து நான்கில் யாரோ இருமினார்கள்,
அவளும் விழித்திருக்கிறாள்.
இன்னும் ஐந்து நிமிடம் இருந்தேன்.