பத்தொன்பது இழை

உப்பு மூட்டத்தில் இரும்பை வைத்து
அது எத்தனை மணி நேரத்தில் தோற்கிறது என்று
எழுதிவைப்பது என் வேலை.
காரைக்குடியில் கடல் இல்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடற்கரையை
நாங்களே செய்துகொள்கிறோம்.

தகடு நாற்பத்தொன்று: இருநூற்றுப் பதினாறு மணி.
தகடு நாற்பத்திரண்டு: இன்னும் தாங்குகிறது.

வெளியே வேப்பமரத்தில் சாய்ந்து
என் சைக்கிள்.
அதற்குக் கேபிள் மாற்றி எத்தனை நாளாயிற்று
என்பது எந்த நோட்டிலும் இல்லை.

முதலில் கியர்தான் சொன்னது.
செக்காலை ரோட்டில் மூன்றிலிருந்து இரண்டுக்குத் தட்டினால்
யோசிக்கும்.
மேடெல்லாம் முடிந்து
யாரும் கேட்காத நேரத்தில்
கடக்கென்று விழும்.
திருகைக் கால் சுற்று திருப்பினேன், சரியாயிற்று.
அடுத்த வாரம் இன்னொரு கால் சுற்று.
ஐப்பசிக்குள் மரை தீர்ந்துவிட்டது.

பிறகு பிரேக்.
இரண்டு விரலுக்கு நின்ற வண்டி
மூன்று கேட்டது, நான்கு கேட்டது,
கைமாற்றாக நூறு வாங்கியவன்
கடைசியில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதுபோல்
பிடி கைப்பிடியையே தொட்டது.
நான் கவனிக்கவில்லை.
கை பழகிக்கொள்கிறது.
துரு ஏறுவதைப் போலவே
அதற்கும் சத்தம் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை
போல்ட்டுக்குப் பக்கத்தில் பிரிந்த இழை
பெருவிரலில் ஏறியது.
ரத்தத்தைச் சப்பிக்கொண்டே எண்ணினேன்.
பத்தொன்பதில் ஒன்று.
வெள்ளிக்கிழமை இரண்டு.
பதினேழு இருக்கிறதே என்று
கழனிவாசலுக்கு மாவரைக்கப் போய்வந்தேன்.

“மாத்தணும்” என்றேன் சகுபரிடம்.
அவர் நுனியை விரலால் முறுக்கிப் பார்த்தார்.
“ஒரு கேப் போட்டா ஆறு மாசம் ஓடும் மேடம்.”
“ஆறு மாசம்னு எப்படித் தெரியும்?”
சிரித்தார். “தெரியாது. சொல்றதுதான்.”

நாலையும் மாற்றச் சொன்னேன், உறையோடு.
உறை நல்லாத்தானே இருக்கு என்றார்.
வளைகிற இடத்தில் வெடித்திருக்கிறது,
போன மழை உள்ளேயே தங்கிவிட்டது என்றேன்.
கூட ஆகும் என்றார்.
ஆகட்டும்.

பழைய கேபிளைக் கேட்டு வாங்கி
மறுநாள் லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
நான் எண்ணிக்கொண்டிருந்தது வெளியே நீட்டிய நுனியை.
பிடிக்குள்ளே, குமிழை அடுத்து,
யாரும் பார்க்காத அந்த வளைவில்
பன்னிரண்டு இழை போயிருந்தது.

மிச்சம் ஏழு.
ஏழு இழையில்
என் மகள் பின்னால் உட்கார்ந்து
வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு
பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

“என்ன சாம்பிள்க்கா, நம்பரே காணோம்?”
என்று எட்டிப் பார்த்தாள் தெய்வானை.
நம்பர் போடாதது என்றேன்.

அன்று சாயங்காலம் ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது.
வழக்கம்போல் நான்கு விரலும் போட்டு அமுக்கினேன்.
சைக்கிள் நின்றது.
நான் நிற்கவில்லை.
முன்னால் நின்றவரின் முறுக்கு டின்னைக்
கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.
“புது வண்டியாம்மா?” என்றார்,
மூடியைச் சரிசெய்தபடி.
பழசுதாங்க.

இதுதான் பிரேக் என்றால்
இத்தனை மாதமாக
எதைப் பிடித்துக்கொண்டு போனேன்?

சீட்டுக்கு அடியில் பிளாஸ்திரி ஒட்டித்
தேதி எழுதியிருக்கிறேன்.
மை கொஞ்சம் கசிந்துவிட்டது, படிக்க முடிகிறது.
வியாழக்கிழமை மறக்காம வாங்க என்கிறார் சகுபர்,
புதுசு முதல் வாரம் தளரும்,
இழுத்துக் கட்டணும்.