கொட்டேஷன்

டுலூத்தில் மைனஸ் இருபத்தாறு.
நிலவறையில் முழங்காலிட்டு
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்:
உலையின் உட்தகட்டில்
தலைமுடி கனத்தில் ஒரு விரிசல்.
இனிப் பற்றவைத்தால்
தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.
சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன்.

கீழ்த்தளம் ஆர்டெல்லுக்கு,
மேல்தளம் மார்லிஸுக்கு.
அக்கா தங்கை. பேச்சு நின்று நாலு வருஷம்.
அப்பா விட்டுப்போன படகுக்காக என்றார்
பக்கத்து வீட்டுக்காரர்.
உலை மட்டும் ஒன்றே.

பதினோராயிரத்து நானூறு டாலர்.
குளிர்சாதனமும் சேர்த்தால்
பதினேழாயிரத்து எண்ணூறு.
ஆர்டெல் கையுறையைக் கழற்றாமலே
தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் விலை குறைவாக இருக்கும் என்பதுபோல.
"மேலே இருப்பவளைக் கேளுங்கள்."
ஏறினேன்.
"கீழே இருப்பவளிடம் சொல்லுங்கள்."
இறங்கினேன்.
மூன்று தடவை. படிக்கு இவ்வளவு என்று
கூலி போட்டிருக்கலாம்.

நாலாவது தடவை ஏற மனமில்லாமல் நின்றேன்.
ஆர்டெல் குனிந்து
சுவரோரக் காற்றுத்துளையின் கம்பிவலையில் வாய்வைத்து
"பாதி என்னுடையது" என்றாள்.

உலை ஓடாத வீட்டில்
தகரக் குழாய்க்கு எவ்வளவு தெளிவான குரல்!
மேலிருந்து ஓர் இருமல்.
பிறகு,
"கோடைக்கும் சேர்த்தா?"
"மூணு வாரக் கோடைக்கா?"
"நீதானே வேர்க்கிறது வேர்க்கிறது என்று புலம்புவாய்.
ஜூலையில். ராத்திரி ரெண்டு மணிக்கு."

ஆர்டெல் நிமிரவில்லை.

என் பேனா உறைந்துவிட்டது.
அக்குளில் வைத்துச் சூடேற்றியபடி
காத்திருக்கிறேன்,
எந்தத் தொகையை எழுதுவதென்று.