மெல்லினம் போன வாரம்

வியாழன் ராத்திரி ஷிப்டில் முதலில் போனது ம.
கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாவது பூத்,
கண்ணாடிச் சந்தில் கார்த்திகைப் பனி.
"தொட்டூறு ரூபா" என்றேன்.
ராயக்கோட்டை தக்காளி வண்டிக்காரர் காதைச் சாய்த்தார்.
"எவ்வளவும்மா?"
"தொட்டூறு."
விரலில் ஒன்பது காட்டி
கட்டைவிரலை வளைத்து ஒரு சைபரும் காட்டினேன்.

விடிவதற்குள் ங ஞ ண ந ம ன ஆறும் போயிருந்தன.
இவை மூக்கில் பிறக்கும் என்று
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன்.
இப்போதுதான் நம்புகிறேன்.
சட்டையில் குத்திய அட்டையில் மாதேஸ்வரி.
வாயில் பாதேஸ்வரி.

ஃபாஸ்டேக் வந்தபின் யாரும் நிற்பதில்லை.
பேலன்ஸ் தீர்ந்தவர்கள் நிற்கிறார்கள்.
நின்றவர்கள் மருந்து சொல்லாமல் போவதில்லை.
பெங்களூர் கன்டெய்னர் கரிமெணசு என்றது.
சித்தூர் லாரி மிரியாலு, இடித்து, சூடான பாலில்.
பாலக்காட்டு ரப்பர் வண்டி குருமுளகு.
பர்கூர் துணி வியாபாரி,
"மிளகை வெத்தலையில வச்சு மெல்லும்மா,
சாறை மட்டும் முழுங்கு."
நாலு பாஷையிலும் மிளகுக்கு ஒரு ம
வேண்டியிருக்கிறது.

காலையில் கடைக்குப் போய்
"பச்சள்" என்றேன்.
சுட்டுப் புகை பிடிக்க ஒரு மஞ்சள், அவ்வளவுதான்.
கடைக்காரர் பச்சைப்பயறு அளந்தார்.
"ஓபப்" என்றேன்.
யாரோடு வந்தீர்கள் என்று கேட்டார்.
நொச்சியைக் கேட்கவே துணியவில்லை.
சொல்ல வந்ததை மட்டும் வாங்கினேன்,
சுக்கு, கொள்ளு, துளசி, கற்பூரவள்ளி,
வல்லினமும் இடையினமுமாக ஒரு வைத்தியம்.
பூண்டு வீட்டில் இருந்தது.
யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நந்தீஷுக்கு ஞாயிற்றுக்கிழமையே பிடித்திருந்தது.
ஸ்கூல் வேனிலிருந்து கொண்டுவந்து
எனக்கும் கொடுத்தவன் அவன்தான்.
ஒரே போர்வைக்குள் இரண்டு தலை, நடுவில் குண்டான்,
கொதிநீரில் சுருண்ட கற்பூரவள்ளி.
"அப்பா, சுடுது."

ஓசூரில் வேறொரு வீட்டில் இருக்கிற ஆளை
இவன் எதற்கு இங்கே கூப்பிடுகிறான் என்று
ஒரு நிமிஷம்.
அப்புறம் புரிந்தது, ம.
"சொல்லுடா" என்றேன்.
அது மட்டும் சுத்தமாக வந்தது.
பிறகு அவன் வேண்டுமென்றே
நாலைந்து தடவை சொன்னான்,
மூக்கொழுகச் சிரித்தான்,
குண்டான் சாயப் பார்த்தது.

கொள்ளு வெந்த தண்ணியில் சுக்கும் பூண்டும் தட்டிப்போட்டு
களியை உருட்டித் தோய்த்து முழுங்கினோம்.
ருசி தெரியவில்லை. சூடு தெரிந்தது,
தொண்டையிலிருந்து தொப்புள் வரை
ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று போவதைப்போல.

சனிக்கிழமை அதே பூத். காசில் தும்மாதே என்று சூப்பர்வைசர்.
இரண்டு மணிக்கு அந்தத் தக்காளி வண்டி,
சரியான சில்லறை, கூடவே
பழைய ரசீதில் மடித்த ஒரு பொட்டலம்.
"போன வாரம் எனக்கும் இதேதான்" என்று கியரைப் போட்டார்.
பிரித்தால் மிளகு. எண்ணினேன்.
பகையாளி வீட்டில் சாப்பிடப் பத்து வேண்டும்.
இது ஒன்பது.
நான் காட்டிய விரல்களை எண்ணிப் போட்டாரோ என்னவோ.
மென்றேன். காதுக்குள் நெருப்பு.

நாலு மணிக்கு வலது மூக்கு
சின்னதாக ஒரு சத்தத்தோடு திறந்தது.
முதலில் காய்ந்துபோன பிரேக்கின் வாடை.
அதன் பின்னால், நம்பமுடியாமல், சாமந்தி,
வேன் முழுக்க மூட்டை மூட்டையாய்.
"தொண்ணூறு" என்றேன்.
ண்ண அப்படியே வந்தது.
வேனுக்கு பேலன்ஸ் இருந்தது போல,
தடுப்புக் கட்டை ஏறிவிட்டது,
சொன்னது யார் காதிலும் விழவில்லை.

இடது பக்கம் இன்னும் அடைப்புதான்.
அவனுக்கு எப்படியோ.
ஜெயசுதா வீட்டில் படுத்திருப்பான்,
போன் போட்டால் எடுப்பாள், ஆனால் மணி நாலு.
"தூங்கட்டுப்" என்று சொல்லிக்கொண்டேன்.
ங் வந்திருந்தது.